ஒரு வங்கி உத்தரவாதமும் நான்கு பயணங்களும்

சுங்க முகவர் அனுமதிக்காக மலேசியாவின் பந்திங்கிலிருந்து துறைமுகத்துக்கு நான்கு முறை போய் வந்தேன். அவற்றில் இரண்டு பயணங்களை விழுங்கியது வங்கி உத்தரவாதம் என்ற ஒரே ஒரு தாள்.

1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி அனுமதி பெறாமல் பிறருடைய சரக்குக்கு முகவராக நிற்க முடியாது என்பதும், அனுமதி தருமுன் பிணை கேட்கப்படலாம் என்பதும் இத்தொழிலில் இருப்பவர்கள் அறிந்ததே. நிறுவனப் பதிவும் முகவர் பயிற்சித் தேர்வும் ஒழுங்காக முடிந்துவிட்டதால், எஞ்சியிருப்பது பணம் கட்டும் வேலைதான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் வங்கிக்கிளை, நிரந்தர வைப்புத்தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்தப் பிணைக்கான உத்தரவாதத்தைக் கொடுத்தது. சுங்க அலுவலகக் கவுன்டரில் இருந்த அம்மையார் தாளின் மேல் அடிக்கோலை வைத்து வரி வரியாக இறக்கினார். பயனாளி பெயரில் கோல் நின்றது. அங்கே சுங்கத்துறையின் பெயர் இருந்தது. மலேசிய அரசாங்கம் என்றுதான் இருக்க வேண்டுமாம். திருத்தி எடுத்துச் சென்றால், கோல் இம்முறை காலாவதித் தேதியில் நின்றது. கேட்டிருந்த அனுமதிக் காலத்துக்கு முன்பே உத்தரவாதம் முடிந்துவிடும்படி வங்கி எழுதியிருந்தது. இரண்டையும் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். முதல் பிழையிலேயே தாளைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம் என்றார். ஆகவே, மாதிரி வாசகத்தை முதலில் சுங்கத்திடமே கேட்டு வாங்கி, அதை வங்கியில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாம் பயணத்தின் குற்றவாளி, என்றோ எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்). என் பிறப்புப் பதிவின்போது என் தந்தையார் பெயரில் அவர் கூடுதலாகச் சேர்த்த ஒரு 'எச்' அடையாள அட்டையில் இன்றும் இருக்கிறது. பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது நான் அதைச் சரியான எழுத்தில் எழுதியதால், சான்றிதழும் அட்டையும் ஒத்துப்போகவில்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படியான சத்தியப் பிரமாணம் (நம்மவர் வாயில் 'சூராட் அக்குவான்') சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்தாகி, அந்த 'எச்' எழுத்துக்குத் தீர்வு கிடைத்தது. தோட்டத்தில் பிறந்தவர்கள் புறப்படுமுன் எல்லாத் தாள்களிலும் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

நான்காம் முறை அடிக்கோல் எங்கும் நிற்காமல் கையொப்பம்வரை இறங்கியது. அனுமதி வந்ததும் முதல் கே1 பாரத்தை, அதாவது இறக்குமதிக்கான சுங்க அறிவிப்புப் படிவத்தை, தயாரிக்க உட்கார்ந்தபோது, இறக்குமதியாளரின் எழுத்துமூல அதிகாரக் கடிதத்தை நானே வரி வரியாகச் சரிபார்த்தேன், அடிக்கோலுடன்.