டாலர் இருந்தது, யூரோதான் இல்லை

மகள் படிப்புக்காக ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. 2025 ஏப்ரல் 10, வியாழக்கிழமை இரவு போன். "அப்பா, ரூம் கிடைச்சிருச்சு. கௌட்சியோன் கேக்குறாங்க. கார்டுல அறுநூறு யூரோ போட முடியுமா? திங்கக்கிழமை குடுக்கணும்."

கௌட்சியோன் என்றால் வீட்டு அட்வான்ஸ். ஜெர்மனியில் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாதாம். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஊரில் குடியிருந்தவனுக்கு இது ஒரு பொருட்டா?

அவள் பணம் அங்கேயேதான் இருக்கிறது. விசாவுக்காகப் பிப்ரவரியில் பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது மொத்தமாக எடுக்க முடியாத முடக்கக் கணக்கில் கட்டிய 11,904 யூரோ, மாதம் 992 வீதம் கைக்கு வரும். ஆனால் வந்து விழ அங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்கப் போனால் முகவரிப் பதிவு கேட்கிறார்கள். முகவரிக்கு ரூம் வேண்டும், ரூமுக்கு அட்வான்ஸ் வேண்டும். அதுவரை, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொடுக்கும் ஃபாரெக்ஸ் கார்டுதான் கதி.

கார்டில் ஏற்கெனவே பணம் இருந்தது. டாலராக. "டாலர் எந்த ஊர்லயும் செல்லும்யா" என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு 500 டாலர் ஏற்றி அனுப்பியிருந்தேன். செல்லும்தான். ஆனால் கார்டில் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனி வாலட்; யூரோ வாலட் காலியாக இருந்தால் டாலரிலிருந்து மாற்றி எடுக்கும்போது எங்கள் கார்டுக்கு 3.5 சதவீதம் பிடிக்கிறார்கள். நூறு யூரோவுக்கு அரிசி பருப்பு வாங்கினால் மூன்றரை யூரோ தண்டம். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் செய்கிற வேலையா இது?

சரி, இந்த முறை யூரோவாகவே போடுவோம் என்று வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே திருச்சி கிளைக்குப் போய்விட்டேன். முந்தின நாள் மகாவீர் ஜெயந்தி விடுமுறை என்பதால் ஒரே கூட்டம். என் பான் கார்டு, அவள் பாஸ்போர்ட் நகல், விசா நகல் எல்லாம் கையில் இருந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்கக் கொடுக்கும் ஏ2 படிவத்தில் மட்டும் கார்டுக்கு உரியவர் கையெழுத்து வேண்டுமாம். அங்கே அப்போது காலை ஆறரை. மகாராணி எழுந்து, எங்கேயோ பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து அனுப்பும்போது இங்கே மணி இரண்டேகால்.

"யூரோ நூறு ரூபாய் சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். கூகுளில் அதைவிட இரண்டு ரூபாய்க்கு மேல் குறைவு. கேட்டேன். "அது மார்க்கெட் ரேட் சார், இது கார்டு ரேட்." 60,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி 108. இந்த 108 சரிதான். ஒரு லட்சம் வரைக்கும் மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தை மதிப்பாக வைத்து, அதற்கு 18 சதவீதம் போடுகிறார்கள். வெளிநாட்டுக்குப் போகும் பணத்தில் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிசிஎஸ் இல்லை. பிப்ரவரியில் 7 லட்சத்துக்கு மேல் போன தொகைக்கு 5 சதவீதம் பிடித்திருந்தார்கள். ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு 10 லட்சம், நிதியாண்டும் புதிது.

மூன்று மணிக்கு என் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. உடனே மகளுக்கு "போட்டாச்சு" என்று வாட்ஸ்அப். அவள் பார்த்தால் யூரோ வாலட்டில் பூஜ்யம்.

திரும்ப ஓடினேன். இரண்டு மணிக்குள் வந்தால்தான் அன்றைக்கே ஏறுமாம், இல்லையென்றால் அடுத்த வேலை நாள். அடுத்த வேலை நாள் எது? மறுநாள் இரண்டாம் சனி. அப்புறம் ஞாயிறு. திங்கள் சித்திரை ஒன்று! இதைப் பணம் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்கவில்லை.

கூடப் படிக்கும் சேலத்துப் பெண் ஒருத்தி கைமாற்றாகக் கொடுத்ததில் ரூம் கைவிட்டுப் போகவில்லை. புத்தாண்டு அன்று மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுக்கொண்டே மூன்று முறை ஆப்பைத் திறந்து பார்த்தேன். செவ்வாய் பகல் பதினொன்றரைக்கு எஸ்எம்எஸ் வந்தது. 600 யூரோ.

டாலர் வாலட்டில் இன்னும் 212 கிடக்கிறது. நண்பர் அடுத்த மாதம் மலேசியா போகிறார். டாலர் வாங்கி வைத்துவிட்டாராம்.