5 நிமிடத்தில் கரையும் புரதமும் எட்டு மாத அலைச்சலும்

ஆக்சிஜன் குறைந்த சூழலில் புற்றுநோய்ச் செல்கள் எந்தெந்த மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன என்பதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் என் முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி. சேர்க்கை, பாதுகாப்புப் பயிற்சி, நெறிமுறைக் குழுவின் அனுமதி எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. அதன் பிறகு, ஆக்சிஜன் குறையும்போது அந்த மரபணுக்களை இயக்கும் எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபா என்ற ஒரே ஒரு புரதத்தின் பட்டையைத் தெளிவாகக் கண்ணால் பார்ப்பதற்குள் எட்டு மாதங்கள் ஓடிவிட்டன. செல் வளர்ப்பும், ஒரு கலவையில் குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையும் தெரிந்த ஒருவர் இதே வேலையைத் தொடங்கும் முன் இதைப் படித்தால் அவருக்குச் சில மாதங்களாவது மிஞ்சும்.

முதல் அடி நைட்ரஜன் சிலிண்டரில் விழுந்தது. செல்களை வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனை 21 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு இறக்க, நைட்ரஜனைச் செலுத்தித்தான் அதை வெளியேற்ற வேண்டும். துறைத் தலைவரின் கையெழுத்தும் செலவுக் கணக்கு எண்ணும் உள்ள படிவத்தோடு கிடங்குக்குப் போனேன். சிலிண்டர் வைக்கப்போகும் அறைக்குக் காற்றோட்டச் சான்று எங்கே என்று அங்கிருந்த அலுவலர் கேட்டார். அப்படியொரு சான்று வேண்டும் என்று படிவத்தில் எந்த மூலையிலும் அச்சிடப்படவில்லை. சான்றை வாங்கிக்கொண்டு, நகரின் புறப்பகுதியான சாட்ஸ்வொர்த்திலிருந்து மினிபஸ் டாக்சி பிடித்து மறுபடி போன அன்று வெள்ளிக்கிழமை மதியம். கையெழுத்துப் போட வேண்டியவர் கிளம்பிவிட்டார். அவர்கள் கேட்டதில் தவறில்லை. நைட்ரஜன் கசிந்தால் மணமும் நிறமும் இல்லாமலே ஆளைச் சாய்த்துவிடும். முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் மனத்தாங்கல்.

நான் தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டி ஒருநாள் கேட்டார்: "மூச்சு முட்டினா கட்டி சாகத்தானே வேணும் கண்ணு, அது எப்படி வளருது?" என் ஆய்வு முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. கட்டியின் ஒரு பகுதி உண்மையிலேயே சாகிறது. ரத்தநாளத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தைத் தாண்டி ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை என்பதை, நுரையீரல் கட்டிகளின் சீவல்களை அளந்து பார்த்து, 1955-லேயே தாம்லின்சனும் கிரேயும் எழுதிவிட்டார்கள். ஆனால் உயிருள்ள விளிம்புக்கும் செத்த நடுப்பகுதிக்கும் இடையில், அரைமூச்சில் பிழைத்திருக்கும் செல்களின் வரிசை ஒன்று உண்டு. கதிர்வீச்சுக்கு எளிதில் மடியாதவையும், இடம்விட்டு இடம் பரவத் துணிபவையும் பெரும்பாலும் அவைதான்.

அந்தத் துணிச்சலுக்கு அடிப்படையான, செல்கள் ஆக்சிஜன் அளவை உணரும் வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக்சிஜன் போதுமான அளவில் இருக்கும்போது, புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபாவின் மீது ஓர் அடையாளம் இடுகிறது. அந்த அடையாளத்தைக் கண்ட வி.எச்.எல். புரதம் அதைச் சிதைப்புக்கு அனுப்பிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழுவதில்லை. சிதையாமல் சேர்ந்த புரதம் உட்கருவுக்குள் சென்று, புது ரத்தநாளங்களை அழைக்கும் வி.இ.ஜி.எஃப்., சர்க்கரையை உள்ளே இழுக்கும் குளூட்-1, அமிலத்தைச் சமாளிக்கும் சி.ஏ.9 முதலான பல மரபணுக்களை இயக்குகிறது.

இவ்வளவையும் படித்திருந்தும் முதல் மூன்று பிளாட்டுகளும் வெறுமையாகவே வந்தன. அந்தப் புரதத்தைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்று வரவழைப்பதில் ஏழு வாரம் போனது. குற்றம் ஆன்டிபாடியில் இல்லை. எங்கள் இன்குபேட்டர் இரண்டாம் மாடியில், குளிர் அறை கீழ்த்தளத்தில். செல்கள் வளர்ந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய், பனிக்கட்டியின் மேல் வைத்து, செல்களைக் கரைக்கும் கரைசலை ஊற்றுவதற்குள் பத்து நிமிடம் ஆகும். சாதாரணக் காற்றுப் பட்டால் இந்தப் புரதம் ஏறத்தாழ 5 நிமிடத்தில் பாதியாகிவிடும். நான் படியில் இறங்கிய ஒவ்வொரு முறையும், பார்க்க வேண்டிய பொருளைக் கையிலேயே தொலைத்திருக்கிறேன். இப்போது இன்குபேட்டர் கதவருகிலேயே பனிக்கட்டித் தட்டும் கொதிக்க வைத்த எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற கரைசலும் தயாராக இருக்கும். கதவைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் செல்களைக் கரைத்துவிடுகிறேன். கோபால்ட் குளோரைடு கொடுத்த ஒரு தட்டையும் தவறாமல் சேர்க்கிறேன். அடையாளமிடும் அந்த நொதிக்குத் தேவையான இரும்பின் இடத்தில் கோபால்ட் குறுக்கிடுவதால், சாதாரணக் காற்றிலும் புரதம் தங்கும். அந்தத் தட்டில் பட்டை வந்தால் ஆன்டிபாடியின் மீது சந்தேகப்பட வேண்டியதில்லை.

அடுத்து வந்தது லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு. 2023-இல் இந்த நாட்டில் மின்வெட்டு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் காலை எட்டு மணிக்கு இன்குபேட்டரின் திரையில் 1 சதவீதம் என்றே இருந்தது. நம்பிச் செல்களை எடுத்தேன். பட்டை மங்கலாக வந்தது. விடியற்காலை நான்கு முதல் ஆறு வரை மின்சாரம் இல்லை என்பதும், எங்கள் இன்குபேட்டர் ஜெனரேட்டர் இணைப்பில்லாத சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. மின்சாரம் போனதும் நைட்ரஜன் வால்வு மூடிக்கொள்ள, வெளிக்காற்று கசிந்து உள்ளே நிறைந்துவிடுகிறது. மின்சாரம் வந்ததும் அறைக்குள் அளவு இறங்கிவிடும், ஆனால் தட்டிலுள்ள திரவத்தில் கரைந்த ஆக்சிஜன் குறைய மேலும் சில மணி நேரம் பிடிக்கும். திரை காட்டுவது காற்றின் அளவை. செல்கள் இருப்பது திரவத்தில். இதே காரணத்தால், மாற்றப்போகும் வளர்ப்பு ஊடகத்தையும் முந்தைய இரவே உள்ளே வைத்துவிட வேண்டும். ஆக்சிஜன் அளவை இரவு முழுவதும் பதிவு செய்யும் கருவியை எங்கிருந்தாவது இரவல் வாங்குங்கள்.

நெறியாளர் கூட்டத்தில் இன்னொரு வருத்தம் காத்திருந்தது. எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபாவின் எம்.ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்வதற்கான மரபணுவின் நகலை அளந்து, அது கூடவில்லை, ஆகவே ஆக்சிஜன் குறைவுக்குச் செல்கள் பதில் தரவில்லை என்று எழுதியிருந்தேன். இங்கே கட்டுப்பாடு முக்கியமாகப் புரதத்தின் சிதைவில் நடப்பதால் அது கூட வேண்டிய அவசியமே இல்லை. அளந்திருக்க வேண்டியது வி.இ.ஜி.எஃப்., சி.ஏ.9 போன்ற இலக்கு மரபணுக்களை.

எட்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, புரதத்தின் எடையைக் காட்டும் அளவுக்குறிகளில் 100-க்கும் 130 கிலோடால்டனுக்கும் இடையில் அந்தக் கறுப்புப் பட்டை தெரிந்தது. 1 சதவீதத் தட்டில் அழுத்தமாக, 21 சதவீதத் தட்டில் ஒன்றுமே இல்லாமல். அடுத்த வாரம் சி.ஏ.9 எம்.ஆர்.என்.ஏ.வும் நன்றாக உயர்ந்து வந்தது. வீட்டுக்குப் போய்ப் பாட்டிக்குப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

அடுத்தது நோயாளிகளின் கட்டிச் சீவல்களில் சி.ஏ.9 சாயமேற்றிப் பார்ப்பது. அதற்கு மருத்துவமனையின் அனுமதிக் கடிதம் வேண்டும். மனு கொடுக்கும் முன்பே, என்னென்ன இணைக்க வேண்டும் என்ற பட்டியலை இம்முறை எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டேன்; பதினொரு தாள்கள், ஒன்பது கையில் இருக்கின்றன.