ஒரே தகடு, இரண்டு அறிக்கை

மாமியின் உள்ளங்காலிலிருந்து வெட்டியெடுத்த கறுப்பு மச்சத்துக்கு இப்போது இரண்டு அறிக்கைகள். ஒன்று, வழமைக்கு மாறான மச்சம் என்கிறது. மற்றது, மேற்தோலோடு நிற்கும் ஆரம்பநிலை மெலனோமா, அதாவது நிறமிக் கலங்களில் வரும் தோல் புற்று என்கிறது. திசுவைப் பதித்த மெழுகுக்கட்டியும் ஒன்று, அதைச் சீவி ஒட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்த கண்ணாடித் தகடும் ஒன்று. "முதல் டொக்டர் கண்ணாடி மாற்ற வேண்டும்" என்பது வெள்ளவத்தை வீட்டில் மாமாவின் தீர்ப்பு.

ஆய்வுகூடத்தில் திசு சீவிச் சாயமேற்றுபவள் நான். எனக்கு அவ்வளவு கோபமில்லை. நிறமிக் கலங்கள் மேற்தோலின் அடியில் வரிசையாக இருக்க வேண்டியவை. தனித்தனியாக மேலே ஏறியிருந்தால் சந்தேகம் பிறக்கும். ஆனால் உள்ளங்கால் மச்சத்தில் கெடுதலில்லாமலும் அவை ஏறும். எத்தனை ஏறினால் புற்று? அங்கேதான் இழுபறி.

2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 187 நோயியல் நிபுணர்கள் 240 தோல் மாதிரிகளைப் பார்த்தார்கள். சாதாரண மச்சங்களில் 92 சதவீதம் மூத்த நிபுணர் குழுவின் முடிவோடு ஒத்துப்போனது. இடைப்பட்ட வகைகளில் 25 முதல் 43தான். மாதங்கள் கழித்து அதே தகட்டைக் காட்டியபோது பலர் தம் சொந்த முடிவிலிருந்தே விலகினார்கள். மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

தகடும் மெழுகுக்கட்டியும் திங்கட்கிழமை தோல் நோயியலில் தேர்ந்த மூன்றாமவரிடம் போகின்றன. இரண்டு பழைய அறிக்கைகளையும் உறைக்குள் வைக்க வேண்டாம், அவர் முதலில் தானாகப் பார்க்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். மாமிக்கோ ஒரே கேள்வி: ஆடிவேல் திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடக்கலாமா?