ஆணி இல்லாத படகும் ஒரு புதையல் வேட்டையும்

இந்த மே விடுமுறையில் அண்ணன் பிள்ளைகளையும் அக்கா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடி போனோம். சும்மா சுற்றிக் காட்டினால் அரை மணி நேரத்தில் போன் கேட்பார்கள் என்று ஒரு புதையல் வேட்டை வைத்தேன். துண்டுச் சீட்டில் குறிப்பு, அது காட்டும் இடத்தில் அடுத்த சீட்டு, கடைசியில் ஒரு டப்பா. 1792இல் கட்டிய நகர வாயில், 1718இல் கட்டிய புதிய ஜெருசலேம் தேவாலயம் எல்லாம் சடசடவென்று முடிந்துவிட்டன. பெரியவன் கூகுளில் தட்டியே பாதி விடையைச் சொல்லிவிட்டான்.

நான் மெனக்கெட்டது டென்மார்க்காரர்கள் கட்டிய டேனிஷ் கோட்டைக்கு எதிரே, கடற்கரை நிறுத்தத்துக்குத்தான். இந்த ஊரின் கடல் வரலாறு என்றாலே அந்தக் கோட்டைப் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அலையோடு மல்லுக்கட்டி அந்தக் கப்பல் வியாபாரத்தைக் கரை சேர்த்தவர்கள் யார் என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் சீட்டில் ஒரு விடுகதை எழுதினேன்:

“கரைக்கு வராத கப்பலுக்குக் காலாக இருப்பேன். என் உடம்பில் ஓர் ஆணி கிடையாது. நான் யார்?”

கோட்டைச் சுவர் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பது. அங்கே எதையும் செருகக்கூடாது. மணலில் புதைத்தால் நாய் தோண்டிவிடும். ஆகவே இந்த நிறுத்தத்துக்கான பெட்டி என் மனைவியின் துணிப்பைக்குள். பிள்ளைகள் கரை முழுக்கத் தேடினார்கள். சித்தியைத் தாண்டி எத்தனை தடவை ஓடினார்களோ, ஒருவருக்கும் தோன்றவில்லை.

விடை, சலங்கு என்ற படகு. தரங்கம்பாடியில் பெரிய கப்பல் கரையோடு ஒட்டி நிற்க ஆழமான துறை கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டுவிடும். துணியோ மிளகோ, வந்து இறங்கும் துரையோ, எல்லாம் சலங்கில் ஏறித்தான் அலையைக் கடக்க வேண்டும். அதன் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள்.

“தைச்ச படகா? தண்ணி உள்ள வராதா சித்தப்பா?”

“வரும். அள்ளி வெளிய ஊத்துறதுக்குன்னே ஒரு ஆள் இருப்பாங்க.”

“அப்புறம் ஆணி அடிச்சிருக்கலாம்ல?”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பெட்டிக்குள் இரண்டு ஜோடி மெல்லிய பலகைத் துண்டுகள் வைத்திருந்தேன். ஒரு ஜோடி ஆணி அடித்தது. இன்னொன்று ஓரத்தில் துளை போட்டுத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தது. இரண்டையும் முறுக்கச் சொன்னேன். ஆணி ஜோடி முதலில் கிறீச்சென்றது. பிறகு ஆணித் துளையிலிருந்து நூல் மாதிரி ஒரு விரிசல் ஓடி, பலகை பிளந்தது. தைத்தது அப்படியும் இப்படியும் நெளிந்தது, அவ்வளவுதான். சோழமண்டலக் கரையின் அலையில் படகு தரையில் மோதும்போது நடப்பதும் இதுதான். விறைப்பாக நின்றால் உடையும்.

அதற்கடுத்த நிறுத்தம் மாசிலாமணி நாதர் கோயில். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதில் ஒரு பகுதியைக் கடல் தின்றுவிட்டது. டேனிஷ்காரர்கள் வந்தது 1620இல். அதற்கு முந்நூறு வருஷம் முன்பே இங்கே பட்டினம் இருந்தது என்று நான் ஆரம்பித்தபோது பாதிப் பேர் அலையில் கால் நனைக்கப் போயிருந்தார்கள். வெயில் அப்படி.

கடைசி டப்பாவில் கடலை மிட்டாய். “புதையல்னா தங்கம் இருக்கணும்” என்று சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தங்கமும் இருக்கிறது என்றேன். தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஓலையில் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினார். கையெழுத்து மட்டும் தெலுங்கில். 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஓலை மட்டும் இன்னும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

“அப்ப அடுத்த லீவுக்கு அங்க வேட்டை வைங்க” என்றாள். டிக்கெட்டை அவள் அப்பாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.