உனக்குத்தானே சொன்னனான்

நான் பராமரிக்கப் போகிற ஒரு அம்மாவின் கையில் கண்ட கண்டலைப் பற்றி ஒஃபிசுக்கு அறிக்கை எழுதியது சரிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருவதை வாசித்துவிட்டு, பராமரிப்பு வேலைக்குப் புதிதாய் வந்த ஒரு பிள்ளை "எழுதாமல் விட்டிருந்தால் நல்லாய் இருந்திருக்கும் போல" என்று நினைத்துவிடக் கூடாது. எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதின பிறகு நடந்தவை என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.

இங்கிலாந்தில் ஒரு ஏஜென்சிக்காக வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிப்பது என் வேலை. அந்த அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காலையில் அரை மணி நேரம்தான் எங்களுக்கு. குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, செய்ததையெல்லாம் ஃபோன் அப்பில் பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். மகனோடு இருந்தா. என்னோடு தமிழில் கதைக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த அரை மணியும் அவவுக்கு வாய் ஓயாது. ஊர்க் கிணறு, செத்துப்போன தங்கச்சி, கோயில் தேர் எல்லாம் வரும். மகனைப் பற்றி மட்டும் அதிகம் வராது.

அன்றைக்கு இடது மேற்கையின் உட்பக்கம் கண்டிப்போயிருந்தது. வரிசையாக நாலு சிறு வட்டம், மறுபக்கத்தில் கொஞ்சம் பெரிதாக ஒன்று. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிற வயதானவர்களுக்கு முன்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் இடிபட்ட அடையாளம் இருப்பது சாதாரணம். மேற்கையின் உட்பக்கம் கதவிலோ கட்டிலிலோ இடிபடுகிற இடமில்லை. என்னம்மா இது என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லு, சொல்லுறன்."

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். வாக்குக் கொடுக்கக் கூடாது, மறைக்க முடியாது என்பதை அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொன்னேன். "அம்மா, ஆராவது உங்களுக்கு நோகப் பண்ணியிருந்தால் நான் ஒஃபிசுக்குச் சொல்லத்தான் வேணும். மறைக்க எனக்கு ஏலாது." அவ "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டுச் சொல்லத் தொடங்கினா. கோயிலுக்குக் கொடுக்கக் கொஞ்சக் காசு கேட்டிருக்கிறா. மகன் இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறார். சத்தம் வந்திருக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தியிருக்கிறார். "அவன் நல்ல பிள்ளை. நித்திரை இல்லை, அதுதான்" என்று முடித்தா.

நான் சொன்னதை அவ உண்மையிலேயே கேட்டாவா, இல்லை மனதில் கிடந்ததை இறக்கிவைக்கிற அவசரத்தில் தலையாட்டினாவா? இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். தெளிவாகத்தான் சொன்னேன், அவவுடைய மொழியில்தான் சொன்னேன். இன்னும் இறுக்கிச் சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பா, அந்தக் கண்டல் இன்னும் சிலதோடு சேர்ந்து உடுப்புக்குள்ளேயே கிடந்திருக்கும். அப்படியென்றால் நான் இறுக்கிச் சொல்லாதது நல்லதுதானே? இந்தக் கேள்விக்கு ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, அடுத்த நாள் வேறு பதில் வருகிறது.

கண்டலின் இடம், அளவு, நிறம் என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதினேன். நிறத்தை வைத்து எத்தனை நாள் பழையது என்று ஊகித்து எழுதக் கூடாது, அது நம்பக்கூடிய கணக்கில்லை. அவ சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன், நித்திரை இல்லாத கதை உட்பட. மனேஜர் அன்றைக்கே கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி சபைக்கு, அறிவித்தா.

அடுத்த முறை போனபோது அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தா. குளித்து முடியும் மட்டும் ஒரு கதையும் இல்லை. துவாயைப் போர்த்திவிடும்போதுதான் கேட்டா:

"நான் உனக்குத்தானே பிள்ளை சொன்னனான்? கவுன்சிலுக்கே சொன்னனான்?"

"உங்கட நன்மைக்குத்தான் அம்மா" என்றேன். வேறென்ன சொல்வது. இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், 42ஆம் பிரிவு, எல்லாம் எனக்குப் பாடம். பராமரிப்புத் தேவைப்படுகிற ஒருவர், துன்புறுத்தப்படுகிறார் அல்லது அந்த ஆபத்தில் இருக்கிறார், அந்தத் தேவையாலேயே தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் இருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், கவுன்சில் விசாரித்தே ஆக வேண்டும். அவவிடம் இதைச் சொல்லி என்ன பயன்? ஊரில் மகள் இருந்திருந்தால் மகளிடம் சொல்லியிருப்பா. அந்த இடத்தில் என்னை வைத்துத்தான் சொன்னா.

பயிற்சி வகுப்பில் எங்களுக்கு விண்டர்போர்ன் வியூவைக் காட்டினார்கள். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான தனியார் மருத்துவமனை. அங்கே நோயாளிகளைத் துன்புறுத்துகிறார்கள் என்று, வேலை செய்த ஒரு தாதி நிர்வாகத்துக்கும் கண்காணிப்பு ஆணையத்துக்கும் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. 2011இல் பிபிசி ஒளித்துப் படமெடுத்துக் காட்டின பிறகுதான் மூடினார்கள். பதினொரு பேர் குற்றவாளிகள் ஆனார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தபோது, தீமை கண்ணுக்கு முன்னால் வந்தால் எனக்குத் தெரியும், உடனே கையைத் தூக்குவேன் என்று நினைத்தேன். தெரிந்தது, தூக்கினேன். ஆனால் இங்கே எதிரில் நின்றவர் இரவெல்லாம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றுவிட்டு வந்து, அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, குசினி மேசையிலேயே தலையைச் சாய்க்கிற ஒரு மனிதர்.

காசு விஷயமும் அப்படித்தான். அம்மாவுக்கு வருகிற பராமரிப்புக் கொடுப்பனவு வங்கியில் விழுகிறது, அட்டை மகனிடம். எங்கள் வீடுகளில் பாதி அப்படித்தான் இருக்கும். என் அம்மாவின் அட்டையும் என் தம்பியிடம்தான் இருந்தது. அதனால் அட்டை யாரிடம் இருக்கிறது என்று நான் இப்போது பார்ப்பதில்லை. கேட்டால் கிடைக்குமா, கேட்க அவர்களுக்குப் பயம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். என் அம்மா தம்பியை அதட்டிக் கேட்பா. இந்த அம்மா கோயில் காசைக் கேட்கவே அவர் முகம் பார்த்துக் காத்திருந்திருக்கிறா.

கவுன்சிலிலிருந்து சோஷல் வேர்க்கர் வந்தா. நல்ல பிள்ளை என்றுதான் அம்மாவே சொன்னா. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர், மகன் பக்கத்து அறையில். உங்களுக்கு என்ன நடக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும், முடிந்தவரை அவவுடைய விருப்பத்தை வைத்துத்தான் எதையும் செய்ய வேண்டும். "ஒண்டும் வேண்டாம், எல்லாம் நல்லாயிருக்கு" என்றிருக்கிறா. 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி, நமக்குப் புத்தியாகப் படாத முடிவை ஒருவர் எடுக்கிறார் என்பதற்காக அவருக்குத் தெளிவில்லை என்று சொல்ல முடியாது. அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். வயதானவர்களைச் சின்னப் பிள்ளைகளாக்கி அவர்களுக்காக முடிவெடுக்கிற நம்முடைய பழக்கத்துக்கு அது நல்ல கடிவாளம். ஆனால் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் மகன் இருக்க, முகம் தெரியாத ஒரு குரலுக்குச் சொன்ன "ஒண்டும் வேண்டாம்" அவவுடைய விருப்பமா, பயமா? அதைப் பிரித்துப் பார்க்கவும் வழிகாட்டலில் இடம் இருக்கிறது. அவவை வெளியே ஓரிடத்துக்கு அழைத்துப் போய், நேரில் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து, இன்னொரு முறை கேட்டிருக்கலாம். மகனுக்கு, பராமரிப்பவர் என்ற முறையில் அவருடைய சுமையை மதிப்பிடுகிற வழி இருக்கிறது என்று ஒரு தாள் கொடுத்தார்களாம். விசாரணை முடிந்தது.

பிறகு ஏஜென்சிக்கு மகனிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது: தமிழ்ப் பணியாளர்கள் வேண்டாம். வீட்டு விஷயம் வெளியே போகிறதாம். மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர் விருப்பம் என்றா மனேஜர். எந்த வாடிக்கையாளர் என்று கேட்டேன். யாரைப் பற்றி அறிக்கை எழுதினோமோ அவரே, யார் வீட்டுக்குள் வரலாம் என்று தீர்மானிக்கிறார். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை, அது பிழை. அம்மா சொல்லுகிறதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆளையும் எடுத்துவிட்டு அதற்குப் பெயர் பாதுகாப்பா? இப்போது போகிறவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்குக் கண்டல் தெரியும், கதை தெரியாது.

சில நேரம் மறுபக்கமும் தோன்றும். கொஞ்சம் பொறுத்திருந்தால், அவவே "சொல்லு பிள்ளை" என்று சொல்லும் வரை பக்கத்தில் இருந்திருக்கலாமே? உடனேயே அடுத்த எண்ணமும் வந்துவிடும்: பொறுத்திருந்த எத்தனையோ பேரால்தான் இப்படியானவை வருடக்கணக்காக நடக்கின்றன.

போன மாதம் மரக்கறிக் கடையில் மகனைக் கண்டேன். விலகிப் போவார் என்று நினைத்தேன், நின்றார்.

"அக்கா, நீங்கள் எழுதினது பிழையெண்டு சொல்லேல்லை. ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

கேட்கக் கூடாது என்பதுதான் விதி. முன்கூட்டித் தெரிந்தால் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று எவருக்கும் தெரியாது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? பேசாமல் நின்றேன். போகும்போது சொன்னார்: "அம்மா உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா."

அவ கேட்கிறா என்றால், தமிழ்ப் பிள்ளை வேண்டாம் என்றது யாருடைய விருப்பம்? மகன் வீட்டில் இல்லாத நேரத்தில், தமிழ் தெரிந்த ஒருவரோடு போய், அவவிடமே அதைக் கேளுங்கள் என்று அன்றிரவு மனேஜருக்கு எழுதி அனுப்பினேன்.