வெள்ளைத் துண்டும் கறுப்புக் குடையும்: ஐந்து வார ஒளிப்படப் பயிற்சி

கேமராவைத் தானியங்கி நிலையிலிருந்து கைமுறை நிலைக்கு மாற்றி ஐந்து வாரங்கள் ஆகின்றன. 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது, ஒரு வேளையில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற இரண்டு கட்டுப்பாடுகளோடு தொடங்கினேன்.

முதலில் குழப்பியது, லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவைக் குறிக்கும் அப்பர்ச்சர் எண். எண் சிறியதானால் துளை பெரிதாவது ஏன் என்பது, அந்த எண் லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது என்று அறிந்தவுடன் பிடிபட்டது. 50 மி.மீ. குவியத் தூர லென்ஸில் எஃப் 2 (அப்பர்ச்சர் எண் 2) என்றால் விட்டம் 25 மி.மீ., எஃப் 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிறது; ஆகவே 2, 2.8, 4, 5.6, 8 என்று ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகக் குறைகிறது. அதன்பின் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஒளி எவ்வளவு நேரம் உள்ளே விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஷட்டர் வேகத்துக்குக் குழாய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் எண்) 100, 1/30 நொடியில் வழவழப்பான பட்டுநூலாகத் தெரிந்த நீர், 1/1000 நொடியில் தனித்தனி மணிகளாக உடைந்து நின்றது. இடையில் இழந்த ஐந்து படி ஒளியை, அப்பர்ச்சரை எஃப் 4-க்குத் திறந்து இரண்டு படியும், ஐஎஸ்ஓவை 800-க்கு உயர்த்தி மூன்று படியும் ஈடுகட்டினேன். இரு படங்களும் ஒரே வெளிச்சத்தில் அமைந்ததைக் கண்டபோதுதான் மூன்று அமைப்புகளும் ஒரே கணக்கின் உறுப்புகள் என்பது கண்கூடாகப் புரிந்தது. ஆனால் இரண்டாவது படத்தில் பின்னணிச் சுவர் மங்கியிருந்தது, நிழல் பகுதிகளில் மணல்மணலாகப் புள்ளிகள் தெரிந்தன. வெளிச்சத்தை ஈடுகட்டலாம், படத்தின் தன்மை மாறாமல் ஈடுகட்ட முடியாது.

இந்த ஐந்து வாரங்களில் நான் மிகவும் மதிக்கும் பாடம் நான்காம் வாரத்தில் கிடைத்தது. மடித்த வெள்ளைத் துண்டு ஒன்றையும் கறுப்புக் குடை ஒன்றையும் தனித்தனியே சட்டம் நிறைய வைத்து, கேமராவுக்குள் ஒளியை அளக்கும் ஒளிமானியின் குறி நடுவில் நிற்குமாறு படமெடுத்தேன். இரண்டுமே சாம்பல் நிறத்தில் வந்தன. எதிரில் இருப்பது வெள்ளையா கறுப்பா என்பது மானிக்குத் தெரியாது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பலாகவே அது எதையும் கருதிக்கொள்கிறது. துண்டுக்கு ஒன்றரைப் படி கூட்டியதும் வெண்மை மீண்டது, நெசவின் இழைகளும் தெளிவாக நின்றன. மூன்று படி கூட்டியபோது இழைகள் மறைந்து வெற்று வெண்மையே எஞ்சியது. படத்தின் இருள் முதல் வெளிச்சம் வரையான பரவலை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் வலது ஓரத்தில் முட்டி நின்றது. குடைக்கு ஒன்றரைப் படி குறைத்தேன். கறுப்பு கறுப்பாகவே வந்தது.

நேற்று சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்த ஒருவரைப் படமெடுத்தேன். மானி சொன்னபடி எடுத்த படத்தில் முகம் இருண்டு கிடந்தது. இரண்டு படி கூட்டியதும் கண்களும் கன்னத்தின் தோலும் துலங்கின, சன்னலுக்கு வெளியே இருந்த மரம் வெள்ளையில் கரைந்துபோனது. எனக்கு வேண்டியது முகம் என்பதால், மரமில்லாத அந்தப் படத்தையே வைத்துக்கொண்டேன்.