எங்கட ஒழுங்கைப் பொதுக்காணியைப் பார்க்குக்கு ஒதுக்கி எடுத்த கதை

திருமலையில (திருகோணமலையில) காணி எண்டு வாயெடுத்தா முதல் கேள்வியே "அது ஆர்ட காணி?" எண்டதுதான். துறைமுக அதிகார சபைக் காணி, படைக் காணி, கோயில் காணி, வன இலாகா, தொல்பொருள், அரச காணி, உள்ளூராட்சி சபைக் காணி, உறுதி (பத்திரம்) உள்ள தனியார் காணி எண்டு எத்தனை வகை. வெளியூர்ச் சனத்துக்கு இது பகிடியாக் கிடக்கும், இங்க இருக்கிற ஆக்களுக்கு ஒரு கிணறு வெட்டக்கூட இதுதான் தலையிடி. அதால எங்கட ஒழுங்கைக்கு நடுவில சும்மா கிடந்த 44 பேர்ச் (160 பேர்ச் ஒரு ஏக்கர்) துண்டைப் பிள்ளையளுக்கு விளையாட்டுப் பார்க் ஆக்குவம் எண்டு சனசமூக நிலையத்தில கதை வந்தப்போ முக்கால்வாசிப் பேர் "உதெல்லாம் நடக்கிற காரியமே" எண்டுட்டு எழும்பிப் போட்டினம். இப்ப நடந்து முடிஞ்சிட்டுது, முழுசா இல்லாட்டியும் முக்கியமான பகுதி முடிஞ்சுது, வேற இடங்கள்ல இருந்தும் எப்பிடிச் செய்தனீங்க எண்டு கேக்கிறபடியால எழுதுறன்.

எங்கட பக்கம் பாலையூற்றுக்குப் போற வழி. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு காணி விலை ஏறத் தொடங்கின நேரம் மூண்டேகால் ஏக்கர் தென்னங்காணி ஒண்டை பிளொக் போட்டு வித்தவங்க, அதில வாங்கி வந்த ஆக்கள்தான் நாங்கள் எல்லாரும். இதில கனபேருக்குத் தெரியாத விஷயம் ஒண்டு இருக்கு. நகர அபிவிருத்தி அதிகார சபையின்ட, அப்ப நடைமுறையில இருந்த 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி ஒரு ஹெக்டேருக்கு மேல உள்ள காணியைப் பிரிச்சு விக்கிறதெண்டா, ரோட்டுக்கு விட்டது போக மிச்சத்தில 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு, விளையாட்டுக்கு எண்டு ஒதுக்க வேண்டியிருந்தது. ஒரு ஹெக்டேர் எண்டா 395 பேர்ச் மட்டில வரும். எங்கட மூண்டேகால் ஏக்கர் 520 பேர்ச், ஒழுங்கையளுக்குப் போனது ஒரு 80, மிச்சம் 440, அதில பத்து வீதம் 44. இந்தக் கணக்குத் தெரிஞ்ச பிறகுதான் எங்களுக்கு விளங்கினது, நாங்கள் சபையிட்டப் போய் "ஐயா ஒரு காணி தாங்கோ" எண்டு கேக்கிற ஆக்கள் இல்ல, எங்களுக்கெண்டு ஏற்கனவே விட்ட காணியை எதுக்குப் பாவிக்கிறது எண்டு எழுத்தில எடுக்கிற ஆக்கள் எண்டு. கந்தோருக்குள்ள போய்க் கதைக்கிற தொனியே அதோட மாறிட்டுது.

ஆனா பிளான்ல கோடு கீறி வைச்சா மட்டும் சபைக் காணி ஆகாது. கனக்க இடத்தில வித்த ஆள் பிளான்ல ஒரு பெட்டியைக் கீறிக் காட்டி அனுமதி எடுத்துப்போட்டு, சபைக்கு உறுதி முடிச்சுக் குடுக்காமலே போயிடுவார், பிறகு அவற்ற பிள்ளையள் வந்து அதையும் வித்திடுவினம். அதால முதல் வேலை ரெண்டு: அனுமதிச்ச பிளான் கொப்பி எடுக்கிறது, காணிப் பதிவகத்தில உறுதி தேடுறது. பிளான் எங்கட கையில இருக்கேல்ல. பிளான் கீறின சேவையர் (நில அளவையாளர்) காலமாகிட்டார், அவற்ற கட்டுகளைப் பொறுப்பெடுத்து வைச்சிருந்த இன்னொரு சேவையர்ட்டப் போய்க் கேட்டு, அவர் ஒரு தகரப் பெட்டிக்குள்ள இருந்து மங்கின பிரின்ட் ஒண்டை எடுத்துத் தந்தார், மடிச்ச இடம் எல்லாம் பிஞ்சு போய் இருந்தது ஆனா லொட் (காணித் துண்டு) நம்பரும் சபையின்ட சீலும் வடிவாத் தெரிஞ்சது. அந்த நம்பரை வைச்சுப் பதிவகத்தில தேடினா, எங்கட நல்ல காலம், 2003ல சபையின்ட பேருக்கு நன்கொடை உறுதி எழுதிப் பதிஞ்சு கிடந்தது.

இது ஏன் முக்கியம் எண்டா, அதுவரைக்கும் ஊரில எல்லாரும் அதை அரச காணி எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தது. சுனாமிக்குப் பிறகு கொஞ்சக் காலம் அதில கூடாரம் போட்டுச் சனம் இருந்தது, அதால அந்த நினைப்பு. ரெண்டு மூண்டு பேர் அதில பெர்மிட் கேட்டுப் பிரதேச செயலகத்துக்குக் கடிதமும் குடுத்திருக்கினம். அரச காணி எண்டா அது பிரதேச செயலாளர், காணி ஆணையாளர் பக்கம் போற விஷயம். சபைக் காணி எண்டா அது வேற பாதை. உறுதிக் கொப்பியைக் கொண்டுபோய் கிராம சேவையாளரிட்டக் காட்டினாப் பிறகு அந்தப் பெர்மிட் கதை அடங்கிச்சுது.

இடையில ஒரு கந்தோர்ல எங்கட கோவை (பைல்) காணாமப் போச்சுது. பேர் வேண்டாம். "அந்த மிஸ் மாறிப் போயிட்டா, புது மிஸ் லீவு, திங்கள் வாங்கோ" எண்டுதான் ஒவ்வொரு முறையும். அப்பதான் எங்கட நிலையத் தலைவர், ரிட்டயர்ட் மாஸ்டர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடிச்சார். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம், ஆர்.டி.ஐ 01 எண்ட படிவம், தமிழிலேயே நிரப்பலாம், ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும். சொல்லாட்டி அதே நிறுவனத்தில குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேல்முறையீடு, அதுக்கும் சரிவராட்டி கொழும்பில ஆணைக்குழு. நாங்கள் கேட்டது ரெண்டே ரெண்டு: இந்த லொட் சபையின்ட சொத்துப் பதிவேட்டில எந்தப் பக்கத்தில என்ன தேவைக்கெண்டு பதிஞ்சிருக்கு, அதைப் பற்றி வேற ஏதும் திணைக்களத்தில இருந்து கோரிக்கை வந்திருக்கா. குடுக்கேக்க கையொப்பத்தோட ரசீது வாங்கோணும், அதை விட்டா 14 நாள் எண்டதை எண்டைக்கு இருந்து எண்ணுறது? காணாமப் போன கோவையும் அதோட தானா வந்துட்டுது, எங்க கிடந்ததெண்டு நாங்களும் கேக்கேல்ல.

பதில் வந்தப்போதான் உண்மையான சிக்கல் தெரிஞ்சது. பதிவேட்டில "பொதுத் தேவை" எண்டு மட்டும்தான் இருந்தது. அதோட டிரான்ஸ்போமர் ஒண்டுக்கு இடம் கேட்ட கடிதம் ஒண்டும், வடிகாலுக்கு அளந்த குறிப்பு ஒண்டும். அதாவது நாங்கள் பார்க் எண்டு நினைச்சுக்கொண்டிருந்த துண்டில ஏற்கனவே ரெண்டு பேர் கண் வைச்சிட்டினம், அவையும் கேட்டது பிழை இல்ல, அதுவும் பொதுத் தேவைதானே.

கூட்டம் போட்டா ஒரே சத்தம். "பிள்ளையள் விளையாடுற இடத்தில கரண்ட் பெட்டியா, ஒரு பேர்ச் கூட விடேலாது" எண்டு முன்வரிசையில நிண்டு கத்தின அண்ணைதான் போன வருஷம் வோல்டேஜ் காணாது எண்டு வீடு வீடாப் பெட்டிசனுக்குக் கையெழுத்து வாங்கினவர்! எங்கட ஒழுங்கை லைனின்ட கடைசி, 230 வரவேண்டிய இடத்தில பின்னேரம் ஏழு மணிக்கு 190க்குக் கிட்டத்தான் நிக்கும், பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பி மீற்றரை வைச்சு எல்லாருக்கும் காட்டினவன். பிரிஜ் மோட்டர் எரிஞ்ச வீடுகள் இருக்கு. டிரான்ஸ்போமர் கிட்ட வந்தாத்தான் அது தீரும், அது ஆகாயத்தில தொங்காது, எங்கயோ ஒரு இடத்தில நிக்கோணும்.

அந்தக் கூட்டத்தில எங்களைக் காப்பாத்தினது சபையில இருந்து வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர். வயசு போன மனுசன், அதிகம் கதைக்கேல்ல. எங்கட கரும்பலகையில காணியை நீளப் பெட்டியாக் கீறி, மேற்குப் பக்கம் ரோட்டு மூலையில சின்னச் சதுரம் ஒண்டு, கிழக்குப் பக்கம் பள்ளமான விளிம்பில நீளமா ஒரு பட்டி கீறினார். "தம்பியவை, இப்ப நீங்க இது ரெண்டையும் குடுக்காட்டி, நாளைக்கு வாற ஆள் நடுவில கேப்பான். லொட்டாப் பிரிச்சு வைச்சிட்டா, கேக்கிறவனுக்கு அவன்ட லொட், மிச்சம் பிள்ளையளுக்கு. ஒரு லொட்டா விட்டீங்களெண்டா எல்லாரும் அதுக்குள்ள வருவினம்" எண்டார்.

என்னைக் கேட்டா இந்த முழுக் கதையிலயும் எடுத்துக்கொள்ள வேண்டியது இது ஒண்டுதான். பார்க் வேணும் எண்டு போராடுறதுக்கு முதல் பார்க் இல்லாததை எங்க வைக்கிறதெண்டு நீங்களே முடிவெடுத்துக் குடுங்கோ. அதுவும் ரோட்டில இருந்து நேர வாசல் இருக்கிற மூலையாக் குடுங்கோ, இல்லாட்டி பழுது பாக்க வாற லொறி பார்க்குக்கு நடுவாலதான் போகும். கிழக்குப் பட்டியும் அப்பிடித்தான், மாரியில, ஐப்பசியில இருந்து தை வரைக்கும், தண்ணி ஓடி வந்து நிக்கிறது அதிலதான், டெங்குக் காலத்தில பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எங்களுக்கே நோட்டீஸ் குடுத்த இடம், அதில ஊஞ்சல் கட்டி என்ன செய்யிறது?

பிரிக்கிறதெண்டு முடிவான பிறகு சேவையர் வந்த நாள் ஒரு திருவிழா. மூண்டு காலில கருவியை நிப்பாட்டி அவர் பார்க்க, அவற்ற பெடியன் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓட, பின்னால ஒழுங்கைச் சனம் முழுக்க. மூண்டு எல்லைக் கல்லு லேசாக் கிடைச்சிட்டுது. நாலாவது கல்லு இருக்க வேண்டிய இடம் பக்கத்து வீட்டு அக்காவின்ட தகர வேலிக்கு உள்ள வருது. ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. அவா பிளேன்டியோட வந்து எல்லாருக்கும் குடுத்துட்டு, "கல்லோ, அந்த உடுப்புத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில ஒண்டு கிடக்கு, நாங்க வரேக்கயே கிடந்தது, நான் அதில சவுக்காரம் வைக்கிறனான்" எண்டா. போய்ப் பார்த்தா உண்மைதான், எல்லைக் கல்லின்ட தலையில பாதி தேஞ்ச சன்லைட் கட்டி. மூண்டு பேர்ச் மட்டில உள்ள போயிருந்தது. சண்டை வரும் எண்டுதான் நினைச்சம். ஆனா அவாட மகன் சனசமூக நிலைய ஆள், அதோட டிரான்ஸ்போமர் அவாட வீட்டுப் பக்கம் வராமல் மற்ற மூலையில எண்டதும் அவாவுக்குப் பெரிய ஆறுதல், சபைக் கடிதம் வந்த கிழமையே வேலியைக் கழட்டிப் பின்னால போட்டினம். முருங்கை மரம் ஒண்டு மட்டும் பார்க் பக்கம் விழுந்துட்டுது, இப்பவும் காய் அவாதான் பிடுங்கிறது, ஒருத்தருக்கும் ஆட்சேபனை இல்ல.

புதுப் பிளான்ல மூண்டு லொட்: பார்க்குக்கு 37.5 பேர்ச், டிரான்ஸ்போமருக்கு ஒண்டரை, வடிகாலுக்கு ஏழடி அகலத்தில 5 பேர்ச். சேவையர் காசு ஒழுங்கையில வீடு வீடாச் சேர்த்தது, குடுக்க மாட்டன் எண்ட ஆக்களும் இருந்தினம், அவையின்ட பிள்ளையள்தான் இப்ப முதல் ஆளா ஊஞ்சல்ல.

இனி தீர்மானம். 2018 தேர்தல்ல வந்த சபையின்ட காலம் 2023 மார்ச்சில முடிஞ்சு போச்சுது, அதுக்குப் பிறகு நாடு முழுக்க உள்ளூராட்சி சபையள் உறுப்பினர் இல்லாமல் செயலாளர், ஆணையாளர்மாரோடதான் ஓடினது. செயலாளர் காலத்தில கடிதப் போக்குவரத்து, அளவை எல்லாம் உண்மையாச் சுறுக்காத்தான் நடந்தது, அரசியல் இல்ல, ஆர்ட வட்டாரம் எண்ட கேள்வி இல்ல. ஆனா காணியை நிரந்தரமா ஒண்டுக்கு ஒதுக்கிறது எண்டு வரேக்க "அது தெரிவான சபை வந்து செய்யட்டும்" எண்டு நிண்டுட்டுது. 2025 மே 6 தேர்தல் முடிஞ்சு புதுச் சபை கூடினாப் பிறகு எங்கட வட்டார உறுப்பினர் பிரேரணையைக் கொண்டு வந்தார். அதுக்கு முதல் நாங்கள் மற்றக் கட்சி உறுப்பினர்மாரையும் சந்திச்சு பிளான் கொப்பி ஒண்டு ஒண்டு குடுத்திருந்தம், இதைக் கட்டாயம் செய்யுங்கோ. ஒரு கட்சியின்ட வேலையாக் காட்டினா மற்றவை எதிர்க்கிறதுக்குக் காரணம் தேடுவினம். ஆட்சேபனை இருந்தாச் சொல்லச் சொல்லி காணியிலயும் கிராம சேவையாளர் கந்தோரிலயும் அறிவித்தல் ஒட்டினது, ஒண்டும் வரேல்ல, தீர்மானம் சத்தமில்லாமல் நிறைவேறிச்சுது.

நிறைவேறினதோட வீட்டை போய்ப் படுக்காதேங்கோ. கூட்டறிக்கையின்ட அத்தாட்சிப்படுத்தின கொப்பி எடுக்கோணும், சொத்துப் பதிவேட்டில மூண்டு லொட்டும் வேற வேறயாப் பதிஞ்சிருக்கோ எண்டு கண்ணால பார்க்கோணும், நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் பிளானோட ஒரு கொப்பி போகோணும், அப்பதான் அடுத்த முறை வலயத் திட்டம் கீறேக்க அவையின்ட படத்திலயும் அது பச்சையா வரும். இதையெல்லாம் எங்கட மாஸ்டர் ஒரு கோவையில போட்டு நிலையத்தில ஒண்டு, தன்ர வீட்டில ஒண்டு எண்டு வைச்சிருக்கிறார், உத்தியோகத்தர்மார் மாறுவினம் தானே.

இப்போதைய நிலைமை: டிரான்ஸ்போமர் ரெண்டு கம்பத்தில ஏறிட்டுது, சுத்தி வலைக் கம்பி அடிச்சிருக்கு, பின்னேர வோல்டேஜ் 220க்கு மேல. வடிகால் பாதிதான் கட்டியிருக்கு, மிச்சத்துக்கு அடுத்த வருஷ வரவுசெலவில போடுறம் எண்டினம். பார்க்கில பெயர்ப் பலகை, ரெண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கல். வேப்பங்கண்டும் புங்கங்கண்டும் நட்டம், முதல் தரம் நட்டதைக் கட்டாக்காலி மாடு முழுக்கத் திண்டிட்டுது, இப்ப கூடு அடிச்சு நட்டிருக்கு. தண்ணிக் கனெக்சனுக்கு சபையின்ட பேரில விண்ணப்பம் போடோணுமாம், எங்கட நிலையத்தின்ட பேரில ஏலாதாம், அதுக்கு சபையிட்டக் கடிதம் கேட்டிருக்கிறம். அதுவரைக்கும் அந்த அக்கா வீட்டுக் கிணத்தில இருந்துதான் ஹோஸ் பிடிக்கிறது.